அந்தக் கடைச் சிவப்புச் சோஸ்

2025 ஜூன் 1, ஞாயிறு

கடை பூட்டி நாலு மாதமாகிறது. கிளிநொச்சியில் ஏ9 வீதியோரம் தகரக் கூரையும் ஆறு மேசையுமாக இருந்த சின்னச் சாப்பாட்டுக்கடை. முதலாளி பிள்ளைகளிடம் கனடாவுக்குப் போய்விட்டார். இப்போது அந்த இடத்தில் போனுக்கு ரீலோட் போடுகிறார்கள். கொத்து வேறு கடையில் கிடைக்கிறது, றோல்ஸும் கிடைக்கிறது. கிடைக்காதது றோல்ஸுக்குப் பக்கத்தில் சின்னக் கிண்ணத்தில் வைக்கும் அந்தச் சிவப்புச் சோஸ்தான்.

இன்று பின்னேரம் வீட்டிலேயே றோல்ஸ் பொரித்தேன். ரின்மீன், உருளைக்கிழங்கு, கொஞ்சம் மிளகு. றஸ்க் தூள் நன்றாகப் பிடித்து, பொன்னிறமாக வந்தது. சின்னவன் ஒன்றை எடுத்துப் போத்தல் தக்காளிச் சோஸில் தொட்டு ஒரு கடி கடித்தான். பிறகு தட்டில் வைத்துவிட்டு, "அந்தச் சோஸ் இல்லையோ அம்மா?" என்றான். பத்து வயது. றோல்ஸைப் பற்றி ஒரு சொல் இல்லை.

சரி, செய்து பார்ப்போம் என்று இந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறேன். மறக்கமுதல் நாக்கில் இருப்பதை எழுதிவிடுகிறேன். முதலில் இனிப்பு. உடனே புளிப்பு. உறைப்பு பிந்தி வரும். எல்லாம் விழுங்கி முடிந்தபிறகு மூக்குக்குள் சுள்ளென்று ஒன்று ஏறி இறங்கும். அது என்னவென்று இத்தனை வருடமும் நான் யோசித்ததில்லை. நிறம் செங்கட்டிச் சிவப்பு. மிளகாய் விதை மிதக்கும். இடைக்கிடை கறுப்புப் பொட்டுகள் இருக்கும். மிளகாயைக் கருக்கிப்போட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஜூன் 3, செவ்வாய்

அலுவலகத்தில் பக்கத்து மேசை அக்கா சொன்ன வழி: தக்காளிச் சோஸ் பாதி, சில்லி சோஸ் பாதி, கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் சீனி. கலக்கினேன். இரண்டு போத்தல் சோஸைக் கலக்கினால் என்ன ருசி வருமோ அந்த ருசி வந்தது.

ஜூன் 5, வியாழன்

பழப்புளி என்று எனக்கு ஒரு நிச்சயம் இருந்தது. எங்கள் பக்கத்தில் புளிப்பு என்றால் வேறென்ன? தேசிக்காய் அளவு புளியைக் கரைத்து வடித்து, மிளகாய்த்தூளும் சீனியும் உப்பும் போட்டுக் காய்ச்சினேன். கொதிக்கத் தொடங்கியதும் வீடு முழுக்கப் புளிக்குழம்பு வாசம். "கத்தரிக்காய் போடேல்லையோ?" என்று இவர் வெளியிலிருந்து கேட்கிறார். நிறமும் மண்ணிறமாகப் போய்விட்டது. பழப்புளியின் புளிப்பு நாக்கில் தங்கி நிற்கும். கடைச் சோஸின் புளிப்பு தட்டிவிட்டு ஓடிவிடும். அது வினாகிரிதான். இதைக் கண்டுபிடிக்க ஒரு சட்டி புளி போனது.

வீணாக்கவில்லை. உண்மையாகவே கத்தரிக்காய் போட்டேன்.

ஜூன் 7, சனி

இவர் வவுனியா போய் வரும் வழியில் முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, ஒரு பை கச்சானோடு (நிலக்கடலை) வந்தார். வரும்போதே ஒரு கதையும் கொண்டுவந்தார். சோஸின் தடிப்புக்குக் காரணம் அரைத்த கச்சானாம். கடைக்காரர் முறிகண்டியில் மூட்டையாக வாங்குவதைத் தான் கண்டாராம். "கடையில வறுத்து விக்கத்தான் வாங்கியிருப்பார்" என்றேன். "நீர் ஒருக்கா அரைச்சுப் பாருமன்" என்றார். அரைத்தேன். நல்ல கச்சான் சட்னி. சோஸ் இல்லை. மிச்சக் கச்சானை இருட்டும்வரை எல்லோருமாக இருந்து உடைத்துச் சாப்பிட்டோம்.

ஜூன் 9, திங்கள்

முல்லைத்தீவு வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோயில் பொங்கல். பரந்தனால் திரும்பி, புதுக்குடியிருப்புத் தாண்டி, சனத்தோடு சனமாகப் போய் வந்தோம். மாமிக்கு ஒவ்வொரு வருடமும் கடல்நீரில் எரியும் அம்மன் விளக்கைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும். ஒரு கிழமையாக வீட்டில் மச்சம் (மீன், இறைச்சி) இல்லை. ரின்மீனை மாமி கணக்கெடுக்காததால்தான் முதலாம் திகதி றோல்ஸ் தப்பியது.

வழியில் பாலைப்பழம் விற்றார்கள். சொண்டில் பால் ஒட்டாமலிருக்க மாமி தேங்காயெண்ணெய் பூசிவிட்டுச் சாப்பிட்டா. சின்னவன் பூசாமல் சாப்பிட்டு, வீடு வரும்வரை சொண்டைப் பிரிக்க முடியாமல் பேசாமல் வந்தான். எங்களுக்கும் கொஞ்சம் அமைதி.

ஜூன் 11, புதன்

இன்றுதான் ஒழுங்காகச் செய்தேன். விவரமாக எழுதுகிறேன்.

மிளகாய்த்தூளை விட்டுவிட்டேன். எங்கள் வீட்டுத் தூளில் மல்லியும் சீரகமும் இருக்கிறது, அது கறி வாசத்தைக் கொண்டுவந்துவிடும். முழுச் செத்தல் இருபது எடுத்தேன். மாமி முற்றத்தில் சாக்கு விரித்துக் காயவைத்த எங்கள் தோட்டத்து மிளகாய். சோளகக் காற்று அடிக்கிற காலம், செம்மண் புழுதி எல்லாம் அதன்மேல்தான். இரண்டு தண்ணீரில் கழுவ வேண்டியிருந்தது. காம்பைக் கிள்ளி, விதையில் பாதியை உதறிவிட்டு, சுடுதண்ணீரில் இருபது நிமிடம் ஊறவைத்தேன். பிறகு ஆறு பல்லு உள்ளி, ஒரு துண்டு இஞ்சி, இரண்டு தக்காளியோடு கிரைண்டரில் அரைத்தேன்.

தாச்சியில் மூன்று மேசைக்கரண்டி எண்ணெய் விட்டு, அரைத்ததை ஊற்றிச் சிறு நெருப்பில் கிளறினேன். முதல் ஐந்து நிமிடம் பச்சை உள்ளி மணம். பிறகு நெடி கிளம்பியது. மாமி வெளி விறாந்தைக்குப் போய்விட்டா. பக்கத்து வீட்டு நாய்கூடத் தும்மியது. பத்து நிமிடத்தில் விளிம்பில் எண்ணெய் பிரிந்தது. பிரிந்த எண்ணெய் நல்ல சிவப்பு. மிளகாயின் நிறமும் உறைப்பும் எண்ணெயில்தான் கரையும், தண்ணீரில் கரையாது. தூளைத் தண்ணீரில் கொதிக்கவைத்த அன்று நிறம் வராததற்கு அதுதான் காரணம்.

அதன்பிறகு ஒரு கோப்பை தண்ணீர், மூன்று மேசைக்கரண்டி சீனி, ஒரு தேக்கரண்டி ஆனையிறவு உப்பு, அரைக் கோப்பை வினாகிரி. கொதித்ததும் ஒரு மேசைக்கரண்டி கோன்ஃபிளவரைப் பச்சைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினேன். பளபளவென்று தடித்து வந்தது. இனிப்பும் உறைப்பும் சரி. புளிப்பில்தான் ஒரு முரடு, தொண்டையைப் பிடித்து இழுக்கிறது. போத்தலைத் திருப்பிப் பார்த்தால் செயற்கை வினாகிரி. அசற்றிக் அமிலத்தில் தண்ணீர் கலந்தது. கையில் கிடைத்ததை வாங்கியது என் பிழை.

மூக்குச் சுள் இல்லை.

ஜூன் 12, வியாழன்

குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தால் நேற்றுத் தடிப்பாக இருந்த சோஸ் ரசம் மாதிரி ஓடுகிறது. கோன்ஃபிளவரை வினாகிரியோடு சேர்த்து நெடுநேரம் கொதிக்கவிட்டதால் வந்த வினை. புளிப்பு மாவின் பிடியை உடைத்துவிடும். மாவைக் காய்ச்சி இறக்கியபிறகுதான் வினாகிரி விடவேண்டும். பள்ளிக்கூடத்தில் அமிலமும் மாப்பொருளும் படித்தது இருபத்தைந்து வருடம் பிந்தி வேலைக்கு வருகிறது.

சந்தைக்குப் போய்த் தென்னங்கள் வினாகிரி ஒரு போத்தல் வாங்கினேன். கள்ளைப் புளிக்கவிட்டால் இனிப்பு மதுவாகி, மது வினாகிரியாகும். அதனாலோ என்னவோ இதன் புளிப்புக்கு ஒரு வாசமும் இருக்கிறது. விலை கூடத்தான். இவருக்குச் சொல்லவில்லை.

ஜூன் 15, ஞாயிறு

சந்தையிலிருந்து வர ஆட்டோ மறித்தேன். ஓட்டுகிறவனைப் பார்த்தால் அந்தக் கடையில் மேசை துடைத்த பெடியன்! மீசை வைத்திருக்கிறான், மட்டுக்கட்டக் கொஞ்சம் நேரமெடுத்தது. ஏறியதும் சோஸ் கதைதான்.

"நான் செய்யேல்லையக்கா. சமையல்கார அண்ணைதான் குசினிக்குள்ள நிண்டு செய்வார். எங்களை விடமாட்டார்."

"என்ன போடுறவர் எண்டாவது தெரியுமோ?"

கொஞ்சத் தூரம் ஒன்றும் சொல்லாமல் ஓட்டினான். பிறகு, "அச்சாறு வாளி முடிஞ்சா அடியில தண்ணி நிக்குமெல்லோ. அதை வீசமாட்டார். சோஸுக்குள்ள விடுறதைக் கண்டிருக்கிறன்" என்றான்.

"அடுப்பில இருக்கேக்கயோ, இறக்கின பிறகோ?"

"அது தெரியாதக்கா. எனக்கு மேசை துடைக்கவே நேரம் காணாது."

காசு கொடுத்து இறங்கும்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அச்சாறில் வெங்காயம், பச்சைமிளகாய், பப்பாசிக்காய், கரட், வினாகிரி, சீனி. அதோடு அரைத்த கடுகு. கறுப்புப் பொட்டு! கருகின மிளகாய் என்று வருடக் கணக்காகச் சமையல்காரரைக் குறை சொல்லியிருக்கிறேன்.

ஜூன் 16, திங்கள்

வேலையால் வந்ததும் வராததுமாக ஒரு மேசைக்கரண்டி கடுகைக் கிரைண்டரில் அடித்து, புதன் செய்தது போலவே செய்து, கொதிக்கும்போது போட்டேன். பதினைந்து நிமிடம் கொதித்தது. ருசி பார்த்தால் கைப்பு. மூக்குக்கு ஒன்றுமே இல்லை.

மாமி குசினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தா.

"கடுகைக் கொதிக்கவிட்டனியோ பிள்ளை?"

"ஓம் மாமி."

"கடுகை அவிச்சா சீவன் போயிடும். கலியாண வீட்டு அச்சாறுக்கு நாங்கள் கடுகை அடுப்புக்குக் கிட்டவும் கொண்டுபோறேல்லை. பச்சையா அரைக்கோணும்."

இரண்டு கிழமையாக நான் படும் பாட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனுசி, இதை இன்றைக்குத்தான் சொல்கிறா. ஏன் முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். "நீ கடுகெண்டு சொல்லேல்லையே" என்றா. நியாயம்தான்.

ஜூன் 18, புதன்

அம்மியில் அரைத்தேன். எங்கள் அம்மிக்கு ஒரு கதை இருக்கிறது. சண்டை முடிந்து 2010இல் திரும்பி வந்தபோது வளவில் கூரை இல்லை, கதவு இல்லை, கிணற்றுக் கப்பி இல்லை. அம்மி மட்டும் கிடந்த இடத்தில் கிடந்தது. குழவி இல்லை. யாருக்கு என்ன தேவைக்குக் குழவி மட்டும் வேண்டியிருந்ததோ. இப்போது இருக்கும் குழவி பிறகு வாங்கியது. அம்மியின் பள்ளத்துக்கு அது கொஞ்சம் நீளம், இரண்டு பக்கமும் இடிக்கும்.

முழுக் கடுகுக்கு மணமே இல்லை. கையில் அள்ளி மோந்து பார்த்தேன், மண் மணம்தான். பச்சைத் தண்ணீர் நாலு துளி தெளித்து இழுக்கத் தொடங்கினேன். முதல் நாலைந்து இழுவைக்கு ஒன்றுமில்லை, கறுப்புத் தோல் உடைந்து உள்ளே மஞ்சள் தெரிகிறது, அவ்வளவுதான். விழுது சேரச்சேர, குனிந்திருந்த என் மூக்குக்குள் அது வந்தது. சுள்! கண்ணால் தண்ணீர். அதேதான். ஆறு மேசைக் கடையின் மின்விசிறிக்குக் கீழே இருந்து வந்த அதே சுள்.

கடுகு உடைந்து தண்ணீர் படும்போதுதான் இந்தக் காரம் உண்டாகிறது. சூடு பட்டால் போய்விடும். வினாகிரி விட்டால் அதற்குமேல் ஏறாமல், இருப்பதைப் பிடித்து வைத்திருக்கும். அதனால் அரைத்ததைப் பத்து நிமிடம் அப்படியே விட்டு, பிறகு அரைக் கோப்பை தென்னங்கள் வினாகிரியில் கரைத்தேன். சோஸ் முழுக்க ஆறியபிறகு இரண்டையும் சேர்த்தேன். கொஞ்சம் கைக்கிறது. மாமி, "ஒரு நாள் கிடக்கட்டும், கைப்பு இறங்கும்" என்றா. போத்தலில் ஊற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்திருக்கிறேன். சின்னவனுக்குக் காட்டவில்லை.

ஜூன் 21, சனி

கைப்பு இறங்கிவிட்டது. றோல்ஸ் பன்னிரண்டு பொரித்தேன். இவர் தொட்டுச் சாப்பிட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் இரண்டாவதை எடுத்தார். மாமிக்கும் பிடித்தது. ஆனால், "கடுகு காணாது" என்றா. அவவுக்கு எதிலும் கடுகு காணாது.

சின்னவன் தொட்டான். மென்றான். மூக்கைச் சுருக்கினான். நான் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

"உதுதான் அம்மா. ஆனா கடையில இதைவிடத் தண்ணி."

எனக்குக் கோபம் வந்தது. மூன்று கிழமை! பிறகு கிண்ணத்தைச் சரித்துப் பார்த்தேன். உண்மைதான். கடைச் சோஸ் றோல்ஸில் பூசிக்கொண்டு நிற்காது. ஊறி இறங்கும், கடைசி வாய்க்கு றஸ்க் தூள் எல்லாம் நனைந்திருக்கும். தட்டில் சொட்டியதை விரலால் வழித்திருக்கிறோம். கோன்ஃபிளவர் இருந்தாலும் பேருக்குத்தான் இருந்திருக்கும். அச்சாறுத் தண்ணியும் தண்ணிதானே. அந்த மனுசன் கட்டுப்படிக்காகத்தான் விட்டிருப்பார்.

கொதித்து ஆறின தண்ணீர் அரைக் கோப்பை விட்டுக் கலக்கினேன். ஒரு சிட்டிகை உப்பும் போட்டேன். சின்னவன் திரும்பத் தொட்டான். இந்த முறை ஒன்றும் சொல்லவில்லை, தட்டைத் தன் பக்கம் இழுத்தான்.

அடுத்த முறைக்கு: கோன்ஃபிளவர் ஒரு தேக்கரண்டி போதும். பச்சைமிளகாய் இரண்டை நீளமாகக் கீறிப் போத்தலுக்குள் போட்டுப் பார்க்க வேண்டும். தென்னங்கள் வினாகிரியின் விலையை இவர் லேபிளில் பார்த்துவிட்டார்.