ஓடு அம்மாவுடையது

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (எங்கள் வீட்டில் இன்னும் பழைய பெயரான பத்தாங் பெர்ஜுந்தைதான்) ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) விதைத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். 1917-இல் நாட்டிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை நட்ட தென்னமரம் தோட்டம் பக்கத்தில்தான். ஹாப்லாய்டு (ஒற்றைத் தொகுதி குரோமோசோம்), டிப்லாய்டு (இரட்டைத் தொகுதி) எல்லாம் படிவம் ஐந்துத் தேர்வான எஸ்.பி.எம்.மோடு போயிற்று என்றிருந்தேன். இங்கே அதுதான் பிழைப்பு.

கொட்டை ஓடு தடித்த டூரா வகை மரத்தில் ஏணி வைத்து ஏறி, பெண்பாளை விரியுமுன் பூச்சிமருந்தடித்து, காம்பில் பஞ்சு சுற்றிப் பை கட்ட வேண்டும். முள் கையைக் கிழிக்கும். 1981-இல் கேமரூனிலிருந்து கொண்டுவந்த கூன்வண்டு ஒன்று வேற்று மகரந்தத்தோடு உள்ளே நுழைந்தாலும் குலை வீண். மற்றத் தோட்டங்களில் கையால் மகரந்தம் தூவும் வேலையை ஒழித்த புண்ணியவான் அது. எங்களுக்கு மட்டும் எதிரி.

பூ திறந்ததும் ஓடில்லாத பிசிஃபெரா வகையின் மகரந்தத்தை டால்க் பவுடரில் கலந்து சிறு துளை வழியே ஊதுவோம். மகரந்தம் தருவது 16 குரோமோசோம், சூலில் இருக்கும் முட்டை தருவது 16. சேர்ந்தால் 32. டூராவின் முட்டை எதுவானாலும் தடித்த ஓட்டு மரபணு. பிசிஃபெரா மகரந்தம் எதுவானாலும் ஓடில்லாதது. பிறப்பது மெல்லிய ஓட்டு டெனெரா.

ஏறக்குறைய ஐந்தாறு மாதத்தில் குலை பழுத்தது. ஒரு பழத்தை வெட்டினால் ஓடு அப்படியே டூரா, தடியாக!

"கலப்பு தப்பிப்போச்சா அண்ணே?"

மண்டோர் (மேற்பார்வையாளர்) அண்ணன் சிரித்தார். "ஓடு அம்மாவுடையது. பிள்ளை உள்ளே இருக்கு."

ஓடு சூலகத்தின் சுவர். மகரந்தத்துக்கு அதில் பங்கே இல்லை. உள்ளே வெள்ளைப் பருப்பில் தாயின் இரண்டு 16, தந்தையின் ஒரு 16, ஆக 48. அதற்குள் ஒட்டியிருக்கும் துளி முளைக்கருதான் 32 கொண்ட டெனெரா. ஒரே கொட்டைக்குள் மூன்று கணக்கு! படிவம் ஐந்தில் இதை யாராவது வெட்டிக் காட்டியிருக்கலாம்.

அந்த முளைக்கரு மரமாகிக் காய்த்தால்தான் மெல்லிய ஓட்டைக் கண்ணால் பார்க்க முடியும். 2013-இல் ஓட்டு மரபணுவைக் கண்டுபிடித்த பிறகு, நாற்றின் இலைத்துண்டை வைத்தே சோதிக்க வழி வந்துவிட்டது.

மாமா டெனெரா காட்டில் தானாக முளைத்த கன்றுகளைப் பிடுங்கி வந்திருந்தார். காசு மிச்சமாம். டெனெராவின் மகரந்தத்தில் பாதி தடித்த ஓட்டு வகை, பாதி ஓடில்லாதது, முட்டையும் அப்படியே. நான்கில் ஒன்று டூராவாகும், ஒன்று பெரும்பாலும் குலையே பிடிக்காத பிசிஃபெராவாகும் என்றேன்.

"மீதி ரெண்டு நல்லதுதானே?" என்று மண்வெட்டியை எடுத்தார்.