ஏப்பக் கணக்கு

மே 11, 2025, ஞாயிறு

காலையில் பங்கார்வாலா வந்தார். பழைய சாமான் வாங்குகிறவருக்கு மும்பையில் அதுதான் பெயர். பால்கனியில் இரண்டு மூட்டை காலி கோலா டின் சேர்ந்திருந்தது. தராசில் தொங்கவிட்டு ஒன்றரைக் கிலோ என்றார். ஒரு காலி டின் பதினாலு கிராம் இருக்கும். மனதுக்குள் வகுத்துப் பார்த்தால் நூறைத் தாண்டுகிறது. இவர் போன தடவை வந்தது ராம நவமியன்று. முப்பத்தைந்து நாள், நாளுக்கு மூன்று டின். கணக்கு அச்சு பிசகாமல் வந்தது.

"வீட்டில் கேன்டீன் நடத்துறீங்களா தீதி?" என்று இந்தியில் கேட்டார். அத்தை ஹாலில் இருந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. டின் நாற்பது ரூபாய். நாற்பதை நூற்றைந்தால் பெருக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வயிற்று டாக்டரிடம் இரண்டு வாரச் சாப்பாட்டுப் பட்டியலைக் கொடுத்திருந்தேன். இட்லி எத்தனை, சாம்பாரில் வெங்காயம் உண்டா, பூண்டு எத்தனை பல் என்று ஒன்று விடாமல் எழுதிய பட்டியல். "குடிக்கிறது எதையும் எழுதலையே?" என்றார். டயட் கோலா என்றேன். சர்க்கரை பூஜ்யம், கலோரி பூஜ்யம் என்று டின்மேலேயே போட்டிருக்கிறான், பூஜ்யத்தை எப்படி எழுதுவது? அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நான்கு வாரம் இதை மட்டும் நிறுத்துங்கள், வேறு எதையும் மாற்றாதீர்கள், தினமும் எழுதுங்கள் என்றார். அதனால் இந்தக் குறிப்பு. இன்று காலை ஏழரைக்குக் குடித்ததுதான் கடைசி டின்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. புத்த பூர்ணிமா என்பதால் ஆபீஸ் லீவு. நிறுத்துவதற்கு நல்ல நாள்தான்.

எப்படி ஆரம்பித்தது என்பதை இன்றைக்கே எழுதிவிடுகிறேன். வயிற்றுத் தகராறு ஆறு வருஷமாக. தொப்புளைச் சுற்றிப் பிசையும் வலி, உப்புசம், அப்புறம் திடீரென்று ஓட வேண்டும். கொலனாஸ்கோப்பி எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்பதைவிடக் கோபம் வரவைக்கும் வார்த்தை வேறில்லை. இப்போதைய டாக்டர்தான் ஐபிஎஸ் (Irritable Bowel Syndrome, எரிச்சல் குடல் நோய்) என்று பெயர் சொன்னார். மூன்று மாதமாக வாரத்தில் ஒரு நாளாவது வலி, அது மலம் கழிப்பதோடு சேர்ந்து வருவது, போகும் தடவையோ பதமோ மாறுவது என்று அதற்கு ஒரு வரையறையே இருக்கிறதாம். குடல் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். அதன் உணர்ச்சிதான் கூர்மையாகிவிடுகிறது. மற்றவர்களுக்குத் தெரியாமல் போகிற காற்று எனக்கு வலியாகத் தெரியும்.

வயிற்றுக்கு ஆகாது என்று இரண்டு வருஷம் முன்னால் ஃபில்டர் காபியை விட்டேன். பாளையங்கோட்டைக்காரி காபியை விடுவதென்றால் சும்மாவா? அந்த ஏழரை மணி டபரா இருந்த இடத்துக்கு டின் வந்தது. மத்தியானம் இன்னொன்று, நாலரைக்கு ஒன்று. காபியை விட்டுவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். 355 மில்லி டயட் கோலாவில் நாற்பது மில்லிகிராமுக்கு மேல்கூட காஃபீன் இருக்கும் என்று நேற்று ராத்திரிதான் படித்தேன். வெள்ளிக்கிழமை டாக்டர் ஏன் சிரித்தார் என்பது இப்போது புரிகிறது.

மே 13, செவ்வாய்

தலைவலி. நேற்று சாயங்காலம் நெற்றிப்பொட்டில் தொடங்கியது. காஃபீனை நிறுத்தினால் பன்னிரண்டு மணி நேரத்திலிருந்து ஒரு நாளைக்குள் வரும், ஓரிரு நாளில் உச்சம், ஒன்பது நாள்வரைகூட இழுக்கும் என்கிறார்கள். ஆபீசில் ஒரே வவுச்சரை மூன்று தடவை சரிபார்த்தேன். வேறு எழுத முடியவில்லை.

மே 15, வியாழன்

தலைவலி பாதி. வயிற்றில் பெரிய மாற்றமில்லை.

அத்தைக்கு நான் செய்வது பிடிக்கவில்லை. "வயிறு மந்தம்னா சோடா குடிக்கணும். இவ இருக்கற சோடாவ நிறுத்துதா" என்று இவரிடம் புகார். அத்தையைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊர்ப் பக்கம் பெட்டிக்கடையில் கோலியை அமுக்கி, எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்டுக் கொடுப்பது பானமா, மருந்தா? கல்யாண வீட்டில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்ட மாமாக்கள் எல்லாரும் வந்து நிற்பது அங்கேதான். சோடா உள்ளே போய், ஏவ் என்று ஒரு ஏப்பம் வந்தால் செரித்துவிட்டது என்று பொருள். நானும் அப்படித்தான் நம்பினேன். சாப்பாட்டுக்குப் பிறகு டின்னைத் திறப்பேன், ஏப்பம் வரும், ஒரு நிம்மதி.

டாக்டர் சொன்னதை மூன்று நாளாக மென்றுகொண்டிருக்கிறேன். முந்நூறு மில்லி டின்னில் கரைந்திருக்கும் வாயு, வெளியே வந்தால் சுமார் ஒரு லிட்டர் இடம் பிடிக்கும். அதில் ஒரு பகுதிதான் ஏப்பமாகத் திரும்பி வருகிறது. அதாவது நான் விட்ட ஏப்பம் சாம்பாருடையது அல்ல, டின்னுடையது. நானே உள்ளே அடைத்து, நானே வெளியே விட்டு, நிம்மதி என்று பெயர் வைத்திருக்கிறேன். மிச்சமும் சீக்கிரம் ரத்தத்தில் கலந்துவிடும்தான், ஆனால் அதுவரை வயிறு விரிகிறதே. சும்மா விரிந்தாலே வலிக்கிற வயிறு இது.

இதை அத்தையிடம் சொன்னேன். "அப்ப நாங்க எல்லாரும் முட்டாளா?" என்றார். பேச்சை மாற்றிவிட்டேன்.

மே 17, சனி

கொழுந்தனார் வாட்ஸாப்பில் ஒரு ஃபார்வர்டு. டயட் பானம் குடித்தால் கேன்சர், மூன்று மண்டையோட்டுப் படத்தோடு. "நல்லவேளை விட்டீங்க அண்ணி" என்று கீழே.

நான் விட்டது அதற்காக இல்லை என்று பதில் எழுதினேன். 2023 ஜூலையில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, டயட் பானத்தில் இனிப்புக்காகச் சேர்க்கும் அஸ்பார்டேமை 2பி பிரிவில் வைத்தது உண்மை. உண்டாக்கக்கூடும், சான்று குறைவு என்பது அந்தப் பிரிவின் பொருள். ஆசியாவில் பழைய முறையில் ஊறப்போடும் காய்கறிகளும் அதே பிரிவில்தான் இருக்கின்றன. அதே சமயம் இன்னொரு நிபுணர் குழு, உடல் எடையில் கிலோவுக்கு 40 மில்லிகிராம் என்ற பழைய தினசரி வரம்பை மாற்றவில்லை. என் 58 கிலோவுக்கு அது 2,320 மில்லிகிராம். டின்னுக்கு 300 என்று தாராளமாக வைத்தாலும் ஏழு டின் தாண்ட வேண்டும். நான் குடித்தது மூன்று.

"நீங்க கோலா கம்பெனி ஆளா அண்ணி?" என்று கேட்டுவிட்டார். பயமுறுத்தி நிறுத்த வைப்பதில் எனக்கு விருப்பமில்லை. என் வயிற்றுக்கு ஆகவில்லை, அவ்வளவுதான்.

மே 21, புதன்

வெட்கக்கேடு. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நாலரை மணி ஆகும்போது கை தானாக மேசை டிராயருக்குப் போகிறது. டின் இல்லாததால் திங்கள்கிழமையிலிருந்து சர்க்கரை இல்லாத சூயிங்கம். புதினா வாசம், வாய்க்கும் வேலை. நேற்றும் இன்றும் பத்துக்கு மேல் மென்றிருப்பேன். மத்தியானமே வயிறு கடமுடா. சாயங்காலம் ஆபீஸ் முடிந்து சிஎஸ்எம்டி ஸ்டேஷனில் பன்வேல் லோக்கல் வண்டி ஏறினேன். மஸ்ஜித் தாண்டும்போது தெரிந்துவிட்டது. சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு, டாக்யார்டு, ரே ரோடு, காட்டன் கிரீன், சிவ்ரி. எந்த ஸ்டேஷனில் கழிப்பறை எந்தக் கோடியில், எது பூட்டிக் கிடக்கும், எங்கே தண்ணீர் வரும் என்று ஹார்பர் லைன் முழுக்க எனக்கு மனப்பாடம். ஆறு வருஷத்துப் படிப்பு. லோக்கல் ரயிலில் கழிப்பறை கிடையாது என்பதை இந்த ஊரில் மற்றவர்கள் நினைத்துக்கூடப் பார்ப்பதில்லை. நான் நினைக்காத நாளில்லை. வடாலாவில் குதித்து ஓடினேன். கடவுள் புண்ணியம்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கம் அட்டையைப் படித்தேன். இனிப்பூட்டிகள் 420, 421, 965. அதாவது சார்பிட்டால், மானிட்டால், மால்டிட்டால். எறும்பு அளவு எழுத்தில், பேதியாகலாம் என்று எச்சரிக்கையே போட்டிருக்கிறது! டின்னில் இருந்த 951-ம் (அஸ்பார்டேம்) 950-ம் (அசெசல்ஃபேம்) வேறு சாதி. அவை குடலில் இப்படிக் கலகம் செய்வதில்லை. சார்பிட்டால் வகை முழுதாக உறிஞ்சப்படாமல் பெருங்குடல்வரை போய், தண்ணீரை இழுத்து, அங்கே இருக்கும் பாக்டீரியாவுக்கு விருந்து வைக்கும். வெங்காயமும் பூண்டும் எனக்குச் செய்வதும் ஏறக்குறைய இதே வேலைதான். ஆக, ஒரு பூஜ்யத்தை விட்டுவிட்டு இன்னொரு பூஜ்யத்தைப் பிடித்திருக்கிறேன். வேறு எதையும் மாற்றாதீர்கள் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னார். கம் குப்பைக்குப் போனது.

மே 23, வெள்ளி

வயிறு இன்றுதான் அடங்கியது. பக்கத்து சீட்டு ரத்னாகிரிக்காரி பாட்டிலில் கோகம் ஆகள், அதாவது கோகம் என்ற புளிப்புப் பழத்தின் கெட்டிச் சாறு, கொண்டுவந்து கொடுத்தாள். இரண்டு ஸ்பூன், தண்ணீர், சீரகப்பொடி, உப்பு. நாலரை மணிக்கு அதுதான் இப்போது. நன்றாக இருக்கிறது. ஆனால் டின்னைத் திறக்கும்போது வரும் அந்த "டிஸ்" சத்தம் இதில் இல்லை. அந்தச் சத்தம் கேட்டால் ஐந்து நிமிஷம் யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். அதற்காகத்தான் பாதி குடித்தேனோ என்னவோ.

மே 26, திங்கள்

ஜூன் 11 வாக்கில் வரவேண்டிய பருவமழை இன்றே மும்பைக்கு வந்துவிட்டதாக அறிவித்துவிட்டார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்ததே இல்லையாம். அறிவிப்பா வேண்டும்? காலையில் ஜன்னலைத் திறந்தாலே தெரிந்தது. லீவு போட்டிருக்கலாம். மாதக் கடைசி என்று கிளம்பினேன்.

டாக்யார்டு தாண்டி வண்டி நின்றது. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். தண்டவாளத்தில் தண்ணீர் என்று யாரோ சொன்னார்கள். லேடீஸ் டப்பாவில் ஜன்னலெல்லாம் சாத்தி, புழுக்கம், ஈரத் துப்பட்டா வாடை. ஒருத்தி தேப்லா என்ற குஜராத்தி ரொட்டி டப்பாவைத் திறந்து எல்லோருக்கும் நீட்டினாள். ஆண்கள் பெட்டியிலிருந்து சிலர் இறங்கி நடக்க ஆரம்பித்தார்கள்.

எனக்கு ஒரே யோசனைதான். போன மாதம் இப்படி மாட்டியிருந்தால்? காலை எழுந்ததும் வயிற்றில் ஏதாவது விழுந்தாலே பெருங்குடல் முறுக்கிக்கொண்டு வேலையை ஆரம்பிக்கும். அது எல்லோருக்கும் நடப்பதுதான். அதன்மேல் நான் ஏழரை மணிக்குக் காஃபீனையும் ஊற்றி, எட்டு மணிக்குக் கழிப்பறை இல்லாத வண்டியில் ஏறியிருக்கிறேன். இரண்டு வருஷம்! படித்தவள்தான் நான்.

முக்கால் மணி நேரம் நின்றோம். வயிற்றில் லேசாக ஒரு பிசைவு வந்தது, போனது. பயத்தில் வந்ததாகவும் இருக்கலாம். நான் ஒரு தேப்லா வாங்கிக் கையிலேயே வைத்திருந்தேன். வண்டி நகர்ந்த பிறகுதான் ஒரு வாய் கடித்தேன்.

மே 29, வியாழன்

குறிப்பாக ஒன்றுமில்லை. காலையில் ஒரு தடவை. வலி இல்லை.

ஜூன் 1, ஞாயிறு

மாட்டுங்காவில் பெரியப்பா மகனுக்கு அறுபதாம் கல்யாணம். பந்தி முடிந்து வெளியே வந்தால், பனிக்கட்டித் தொட்டியில் டின்கள் கழுத்தளவு முங்கிக் கிடந்தன. என்னை யாரும் வற்புறுத்தவில்லை. நானேதான் எடுத்தேன்.

இத்தனை நாள் விட்டதால் ருசி பிடிக்காமல் போய்விடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அமிர்தமாக இருந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்தேன். ஏப்பமும் வந்தது, பழைய சிநேகிதர் மாதிரி.

இருபது நிமிஷம். வயிறு தம்புரா மாதிரி விம்மி, பாவாடை நாடா இடுப்பை அறுத்தது. மண்டபத்து அறைக்குள் போய் முடிச்சைத் தளர்த்திக் கட்டினேன். அப்போதுதான் உறைத்தது. போன வருஷம் முழுக்கக் குண்டாகிவிட்டேன் என்று நினைத்து நாடாவை இளக்கி இளக்கிக் கட்டினேனே, அது சதை இல்லையா? எடைக்காக டயட் பானம் குடித்து, அது உப்பவைத்த வயிற்றைப் பார்த்து எடை கூடிவிட்டதென்று இன்னொன்று குடித்திருக்கிறேன். இவரிடம் சொன்னேன். ரொம்ப நேரம் சிரித்தார். போகட்டும்.

ராத்திரி வலி வந்தது. ஓட வேண்டியிருக்கவில்லை.

ஜூன் 7, சனி

நான்கு வாரக் கணக்கோடு டாக்டரிடம் போனேன். முன்பெல்லாம் வாரத்தில் நாலைந்து நாள் வலி. இப்போது இரண்டு. ஓட்டம், கம் சாகசத்தைத் தள்ளிவிட்டால், நான்கு வாரத்தில் மூன்று தடவை. உப்புசம்தான் நன்றாகக் குறைந்திருக்கிறது. குணமாகிவிட்டதா என்றால் இல்லை. இது போய்விடுகிற வியாதி இல்லை என்று அவர் முன்பே சொல்லியிருக்கிறார்.

காபி கேட்டேன். காலையில் வேண்டாம், ஆபீஸ் போய்ச் சேர்ந்த பிறகு அரை டம்ளர் என்றார். பரவாயில்லை, ஆபீஸ் பக்கம் ஃபோர்ட்டில் டிகாக்ஷன் கிடைக்கிற இடம் எனக்குத் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

வைகாசி விசாகம். ஆபீசுக்கு அரை நாள் லீவு சொல்லிவிட்டு, அத்தையோடு செடா நகர் முருகன் கோயில். நூற்றெட்டுப் படி. போன வருஷம் கூட்டத்தைப் பார்த்து, வரிசையில் நிற்க நேர்ந்தால் என்ன ஆகுமோ என்று கீழேயே நின்று கும்பிட்டுத் திரும்பிவிட்டேன். இந்த வருஷம் ஏறினேன். அத்தை ஒவ்வொரு பத்துப் படிக்கும் நின்று, "வயிறு எப்படி இருக்கு தாயி?" என்று கேட்டார். மூச்சு வாங்கியது அவருக்கு, விசாரிப்பு எனக்கு.

பஞ்சாமிர்தத்தில் தேன் இருக்கும், தேனும் எனக்கு ஆகாத பட்டியலில்தான். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டேன். மிச்சம் அத்தைக்கு.

இறங்கும்போது டாக்டர் அடுத்து சொன்னதைச் சொன்னேன். இனி நான்கு வாரம் பூண்டை நிறுத்திப் பார்க்க வேண்டும். அத்தை படியில் அப்படியே நின்றுவிட்டார்.

"சோடாவ விடச் சொன்னான், சரி. பூண்டயுமா?" என்றார். "காலைல அரக் கிலோ உரிச்சுல்லா வச்சிருக்கேன்."