வடித்தது பாதி, உள்ளே நின்றது மீதி: கார் கூலன்ட் மாற்றிய அனுபவம்

ரிசர்வ் டேங்கில் பச்சையாக இருக்க வேண்டிய கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) கலங்கிய பழுப்பாகிவிட்டது. ரேடியேட்டர் மூடியின் உட்புறத்தை விரலால் தேய்த்தால் துருப்பொடி ஒட்டிக்கொண்டு வந்தது. மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் வழக்கமான இடத்தைத் தாண்டி மேலே போய்விட்டுத் திரும்புவதையும் கொஞ்ச நாளாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். இனி லெவல் பார்த்து ஊற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை, முழுதாகக் கழுவித்தான் ஆக வேண்டும் என்று இறங்கிவிட்டேன்.

கூலன்டில் பெரும்பகுதி எத்திலீன் கிளைகால். அது அவ்வளவு எளிதில் கெடுவதில்லை. தீர்ந்துபோவது அதோடு கலந்திருக்கும் துருத் தடுப்புப் பொருள்கள்தான். பழைய பச்சை வகையில் அவை சுமார் 2 ஆண்டுகள் தாங்கும். கரிம அமில வகையில் 5 ஆண்டுகள் வரை போகும். உறைநிலை பார்க்கும் மீட்டரை வைத்தால் பழைய கூலன்டும் நன்றாக இருப்பதாகவே காட்டும். அது கிளைகாலை மட்டும்தான் அளக்கிறது, துருத் தடுப்பு மிச்சமிருக்கிறதா என்று சொல்லாது. அதனால் மீட்டரைவிட ஆண்டுக் கணக்கையும் நிறத்தையும்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் ஆயில் மூடியைத் திறந்து பார்த்தேன். அதன் அடியில் வெண்ணிறக் குழம்பு படிந்திருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறதோ, ஹெட் கேஸ்கெட் (என்ஜினின் மேல் பாகத்துக்கும் பிளாக்குக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் தகடு) போய்விட்டதோ என்று சந்தேகப்பட வேண்டும். அப்படி ஆகியிருந்தால் கழுவி ஒன்றும் ஆகப் போவதில்லை. சுத்தமாக இருந்தது. வாட்டர் பம்புக்கு அடியில் உள்ள சிறு கசிவுத் துளையிலும் ஈரமில்லை. சரி, ஆரம்பிக்கலாம்.

என்ஜின் முழுதாக ஆறிய பிறகுதான் மூடியில் கை வைக்க வேண்டும். மூடி சுமார் 1 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால் உள்ளே இருக்கும் திரவம் 100 டிகிரிக்கு மேல் போயும் கொதிக்காமல் இருக்கும். சூட்டோடு மூடியைத் திறந்தால் அழுத்தம் விட்டுப்போய் எல்லாம் ஒரே நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும். மேல் ஹோஸை வெறும் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, குளிர்ச்சியாக இருந்த பிறகே திறந்தேன்.

ரேடியேட்டரின் அடியில் உள்ள டிரெயின் பிளக்கைத் திறந்து அளவுக் கோடு போட்ட வாளியில் பிடித்தேன். கையேட்டில் மொத்தக் கொள்ளளவு 6 லிட்டர் என்று போட்டிருக்கிறது. வாளியில் வந்தது மூன்றரை லிட்டர்தான். மீதி இரண்டரை லிட்டர் என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டர் கோரிலும் (காருக்குள் சூடான காற்று தரும் சிறு ரேடியேட்டர்) அப்படியே நிற்கிறது. இந்த வேலையில் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது இதைத்தான். ரேடியேட்டரை வடித்துவிட்டுப் புதுசை ஊற்றினால் கூலன்ட் மாற்றியாகிவிட்டது என்று நினைக்கிறோம். உள்ளே 42 சதவீதம் பழசு இருக்கும். தண்ணீர் ஊற்றி ஓட்டி இன்னொரு முறை வடித்து நிரப்பினால் அது 17 ஆகும், அடுத்த முறை 7, அதற்கும் அடுத்த முறை 3.

பிளாக்கிலேயே தனி டிரெயின் பிளக் இருந்தால் இவ்வளவு சுற்ற வேண்டாம். எங்கள் காரில் அது எக்ஸாஸ்ட் குழாய்க்குப் பின்னால், துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. அதோடு மல்லுக்கட்டி உடைத்துவிட்டால் வேலை பெரிதாகிவிடும். அதைத் தொடாமல், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றிக் கழுவும் வழியையே எடுத்துக்கொண்டேன்.

அதற்கு முன் தெர்மோஸ்டாட்டை, அதாவது சூடேறினால் திறந்து கூலன்டை ரேடியேட்டர் வழியாக ஓடவிடும் வால்வை, கழற்றினேன். அது உள்ளே இருந்தால் என்ஜின் சூடேறி அது திறக்கும் வரை ரேடியேட்டர் தண்ணீர் பிளாக்கிற்குள் சரியாகப் போகாது. கழற்றிவிட்டு ஹவுசிங்கை மூடினால் ஸ்டார்ட் செய்ததுமே எல்லா இடமும் சுற்றிவரும். கழற்றியதைச் சும்மா வைக்க மனமில்லை. விளிம்பில் 82 என்று பொறித்திருந்தது, அது திறக்கத் தொடங்க வேண்டிய டிகிரி. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, தெர்மாமீட்டரும் வைத்துச் சூடாக்கினேன். உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். 82-ஐத் தொட்டது, அசையவில்லை. 90-ஐத் தாண்டிய பிறகுதான் ஒரு பக்கமாகக் கொஞ்சம் விலகியது. மேட்டில் முள் ஏறியதற்குக் காரணம் கையில் கிடைத்துவிட்டது. புதுசு வாங்கி வைத்துக்கொண்டேன்.

தெரிந்த மெக்கானிக் ஒருவர், "தம்பி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டுக் கழுவு" என்று சொல்லியிருந்தார். சில கார்களில் ஹீட்டருக்குப் போகும் குழாயில் வால்வு இருக்கும். அது மூடியிருந்தால் ஹீட்டர் கோரில் உள்ள அழுக்கு வெளியே வராது. முதலில் வந்த தண்ணீரில் வாளியின் அடி தெரியவில்லை. போகப் போகத் தெளிந்து, வாளியில் போட்டிருந்த கோடுகள் தெரிந்தன. கடைசிக் கழுவலுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர். குழாய்த் தண்ணீரை உள்ளே விட்டுவைத்தால் அதிலுள்ள சுண்ணாம்பு சூடான இடங்களில் படிந்துவிடும். கிளீனர் திரவம் எதுவும் நான் ஊற்றவில்லை. இது உப்புப் படிவில்லை, லேசான துருதான். பழைய ரேடியேட்டரில் தேவையில்லாமல் அமிலத்தை விட எனக்கு விருப்பமில்லை.

நிரப்பும்போதுதான் கணக்கு முக்கியம். வடித்த பிறகும் உள்ளே இரண்டரை லிட்டர் வெறும் தண்ணீர் இருக்கிறது. அதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமேட் கூலன்டை மூன்றரை லிட்டர் ஊற்றினால் மொத்தத்தில் கிளைகால் பங்கு 30 சதவீதம்கூட வராது. அதனால் கலக்காத கூலன்டை 3 லிட்டர் ஊற்றி, மீதி அரை லிட்டருக்கு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தேன். மூன்றுக்கு மூன்று, சரியாகப் பாதி. பாதியில் இருந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது. முழுக்கக் கூலன்டாகவே ஊற்றினால் இன்னும் நல்லது என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் சேராத கிளைகால் மைனஸ் 13 டிகிரிக்குள்ளேயே உறைந்துவிடும், சூட்டையும் குறைவாகத்தான் கடத்தும்.

அப்புறம் காற்று. புது தெர்மோஸ்டாட்டில் இருக்கும் சிறு காற்றுத் துளை மேலே வரும்படி மாட்டினேன். காரின் முன்பக்கத்தைச் சற்று உயர்த்தி நிறுத்தி, மூடி போடாமல் ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழ் வந்து லெவல் இறங்க இறங்க ஊற்றினேன். ஹீட்டரில் முதலில் குளிர்ந்த காற்று வந்தது. கோருக்குள் காற்று சிக்கியிருக்கிறது என்று பொருள். சிறிது நேரத்தில் டேஷ்போர்டுக்குப் பின்னால் களகளவென்று ஒரு சத்தம், உடனே சூடான காற்று. ரேடியேட்டர் ஃபேன் தானாக ஓடி நிற்கும் வரை பொறுத்திருந்து, புது மூடியைப் போட்டேன். பழைய மூடியின் ரப்பர் வெடித்திருந்தது. மறுநாள் காலை லெவல் கொஞ்சம் இறங்கியிருந்தது, அதே கலவையை ஊற்றினேன். அதன்பின் இறங்கவில்லை, மேட்டிலும் முள் நகரவில்லை.

வடித்த கூலன்டைச் சாக்கடையில் கொட்டாமல் கேனில் அடைத்து, பழைய ஆயில் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கொடுத்தேன். அது இனிக்கும்; நாயோ பூனையோ நக்கினால் சிறுநீரகம் போய் உயிரே போய்விடும். தரையில் சிந்தியதையும் துணியால் ஒற்றி எடுத்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். ரிசர்வ் டேங்கின் மேல் ஒரு டேப் ஒட்டி, மாற்றிய தேதியையும் கூலன்ட் எந்த வகை என்பதையும் எழுதி வைத்திருக்கிறேன். நிறத்தை எழுதவில்லை, ஏனென்றால் ஒரே நிறத்தில் வேறு வேறு வகைகள் விற்கிறார்கள்.