கரும்ப எடுத்துட்டு கிராம்பு போடலாமா

யாரோ வாட்ஸ்அப்ல கிராம்பு கிலோ விலையை அனுப்பி விட்டதுலேர்ந்து மச்சானுக்குத் தூக்கம் இல்ல, கரும்பு நிலம் மொத்தத்தையும் மாத்தப் போறேன்னு ஒத்தக் கால்ல நிக்கிறாரு.

மொரீஷியஸுக்கு கிராம்பு ஒண்ணும் புதுசு இல்லைங்க. டச்சுக்காரன் இந்தோனேசியா பக்கம் மொலுக்காஸ் தீவுகள்ல பொத்திப் பொத்தி வெச்சிருந்த செடியை ஆள் விட்டு கடத்தினது இங்க பிரெஞ்சு அதிகாரியா இருந்த பியேர் புவாவ்ர், 1770ல வந்து இறங்குச்சு. அப்புறம் நம்ம பக்கத்துத் தீவுகள்லேர்ந்துதான் கிழக்கு ஆப்பிரிக்கா பக்கம் இருக்குற ஸான்ஸிபார் தீவுக்குப் போச்சு, அவங்க உலகத்துக்கே வித்தாங்க, நாம கரும்புக்குப் போயிட்டோம். காரணம் புயல். பக்கத்துத் தீவு ரெயூனியன்ல 1806, 1807ல அடிச்ச புயல்ல காப்பியும் கிராம்பும் சேந்து போச்சு. புயலே அதிகம் பாக்காத ஸான்ஸிபார்லயே 1872ல ஒரு புயல் அடிச்சு தோப்பு தோப்பா சாய்ச்சிருச்சு. கரும்பு படுத்தாலும் எந்திரிக்கும், கிராம்பு கிளையே மளுக்குனு ஒடியற மரம்.

சரி, புயலே வரலைன்னு வெச்சுக்குவோம். காய்ப்புக்கு வர்றதுக்கே ஆறேழு வருஷம், நல்லா நின்னு காய்க்க பதினஞ்சு இருபது ஆகும், மச்சானுக்கு இப்பவே அம்பது தாண்டிருச்சு. ஒரு வருஷம் கொட்டும், அடுத்த வருஷம் ஏமாத்தும்.

அதை விட பறிப்புதான் பெரிய வேலை. கிராம்புங்கறது விரியாத பூ மொட்டுதான், அது பச்சை மாறி லேசா ரோஸ் ஏறணும், ஆனா தலையில உருண்டையா இருக்குற மூடி திறந்துரக் கூடாது, விரிஞ்சா விலை போச்சு. எல்லா கொத்தும் ஒரே நாள்ல பதத்துக்கு வராது, திரும்பத் திரும்ப ஏணி போட்டு கொத்தா ஒடிச்சு இறக்கி, உக்காந்து காம்பு வேற மொட்டு வேறயா பிரிச்சு, நாலஞ்சு நாள் வெயில்ல காய வெச்சா நூறு கிலோ முப்பது கிலோவா சுருங்கும். நகத்தால அழுத்தினா எண்ணெய் கசியணும், அதுதான் நல்ல சரக்கு. கரும்பு வெட்டவே ஆள் கிடைக்காத ஊர்ல இதுக்கு யாரு வருவா?

வேண்டவே வேண்டாம்னு சொல்லல. தென்கிழக்குக் காத்து நேரா அடிக்காத பக்கமா, தண்ணி நிக்காத மேட்டுல, வாழை நிழல்ல ஒரு பத்து கன்னு வெச்சுப் பாருங்கன்னேன். விதை வாங்குனா காய விடாம உடனே ஊனணும், ஒரு வாரம் போச்சுன்னா முளைக்கிறதே சந்தேகம்.