ரசனையா, காதா?

"சார், இது உங்க ரசனையா, இல்ல காதா?"

வீடியோ கேமுக்கான ஒலிக்கலவையைக் கேட்டுச் சரிபார்க்கும் மிக்ஸ் ரிவ்யூவில், என் டீமில் இருக்கும் அந்தப் பெண் இப்படிக் கேட்டு சில மாதங்கள் ஆகிவிட்டன. நக்கலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லிவிட்டு மறந்திருப்பேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். (சார் எல்லாம் வேண்டாம், பெயர் சொல்லிக் கூப்பிடு என்று பலமுறை சொல்லியாகிவிட்டது. சியாட்டில் ஆபீஸாகவே இருந்தாலும் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது வராது.)

கேமில் ஒரு திறந்தவெளிக் கான்சர்ட் காட்சி. அவள் செய்துவந்ததில் கிட்டார், டிரம்ஸ், கூட்டத்தின் கூச்சல் எல்லாம் தனித்தனியாக, சுத்தமாகக் கேட்டன. இவ்வளவு சுத்தம் வேண்டாம் என்றேன். ட்ரெபிளை (மேல் அலைவரிசைகளை) இறக்கு, பாஸ் (கீழ் அலைவரிசை) நெஞ்சில் இடிக்கட்டும், பாடுகிறவன் குரல் காற்றில் வந்து வந்து போகட்டும். ஏன் என்றாள். "நான் நேர்ல கேட்டிருக்கேன்மா" என்றேன். இந்தத் தொழிலுக்கு வந்ததிலிருந்து இந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் பல வாதங்களில் ஜெயித்திருக்கிறேன்.

கேட்டது பொய்யில்லை. 1992 செப்டம்பர் 20, சியாட்டிலின் மாக்னுசன் பார்க், பேர்ல் ஜாம் ராக் குழுவின் கச்சேரி. மே மாதமே கேஸ் வொர்க்ஸ் பார்க்கில் இலவசமாக நடக்கவேண்டிய நிகழ்ச்சி; நகர அதிகாரிகள் ரத்து செய்ததில் செப்டம்பருக்குத் தள்ளிப்போனது. சுமார் 30,000 பேர். மாணவனாக இருந்த நான் பின்வரிசைக் கூட்டத்தில் எங்கோ நின்றேன். தூரம் கூடக்கூட மேல் அலைவரிசைகளைக் காற்றே தின்றுவிடும், கீழ் அலைவரிசைகள்தான் வந்து சேரும். அன்று எனக்கு வந்து சேர்ந்தது அந்த மிச்சம்தான். பாட்டு வரிகள் கேட்டனவா என்றால், கேட்டன என்றுதான் சொல்வேன். ஆனால் ஆல்பம் எனக்கு மனப்பாடம். வரிகளைக் காது கேட்டதா, மனப்பாடம் இட்டு நிரப்பியதா என்று இப்போது பிரித்துச் சொல்ல முடியவில்லை. முன்வரிசையில் இடம் கிடைத்திருந்தால் என் வேலை மொத்தமும் வேறு மாதிரி இருந்திருக்குமோ?

இருக்கட்டும், அதனால் என்ன? எல்லோருக்கும் ரசனை எங்கோ ஓரிடத்தில் நின்று வந்ததுதானே. அவளிடம் ஸ்டீவ் ஆல்பினி கதையைச் சொன்னேன். நிர்வாணா என்ற ராக் குழுவின் மூன்றாவது ஆல்பத்தை 1993இல் மினசோட்டாவில் பதிவு செய்தவர். டிரம்ஸைச் சுற்றி அறையெங்கும் மைக் வைத்து, அறையின் ஓசையையும் சேர்த்துப் பிடித்தவர். ரெக்கார்டு கம்பெனிக்கு அது பிடிக்கவில்லை. கடைசியில் இரண்டு பாட்டுகளை மட்டும் ஸ்காட் லிட் என்ற தயாரிப்பாளரை வைத்து மறுபடி மிக்ஸ் செய்தார்கள். பார்த்தாயா, கரடுமுரடாக இருப்பதற்காக அன்றைக்கே சண்டை போட்டிருக்கிறார்கள் என்றேன்.

"அந்த ரெண்டு பாட்டுதானே சார் ரேடியோல ஓடிச்சு?"

ஆமாம், அவைதான் ஓடின. அப்புறம் எந்த அலைவரிசை எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் அனலைசரைத் திருப்பிக் காட்டினாள். நான் சொன்னபடி செய்த வெர்ஷனில் 6 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. அதன் பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது.

பெருஞ்சத்தத்தால் கெடும் காதில் முதலில் அடிவாங்குவது 4 கிலோஹெர்ட்ஸை ஒட்டிய பகுதி. வயது ஏறும்போது அதற்கு மேலே உள்ளவையும் போகும். ஒலி வேலை செய்கிற யாருக்கும் தெரிந்த விஷயம். பார்க்கில் காது கெட்டிருக்காது; கெட்டிருந்தால் கிளப்புகளில்தான். ஸ்பீக்கரை ஒட்டி நிற்போம், காதில் பஞ்சு வைப்பதைக் கேவலமாக நினைப்போம். வீட்டுக்கு வந்த பிறகும் மறுநாள் வரை காதில் ரீங்காரம் இருக்கும். அதையும் நிகழ்ச்சியின் ஒரு பகுதியாகத்தான் எடுத்துக்கொண்டோம். அப்படியானால் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்த இரவுகளே இதற்கான கருவியையும் கெடுத்திருக்கலாம். ஆனால் என் காது நன்றாக இருந்த காலத்தில் செய்த மிக்ஸ்களும் மந்தமாகத்தான் இருக்கின்றன. அந்த ஃபைல்களைத் திறந்து அனலைசரில் ஓட்டிப் பார்த்தேன், வளைவு கிட்டத்தட்ட அதேதான். அதைப் பார்த்தபோது வந்த நிம்மதி கொஞ்சம் அதிகமாகவே இருந்தது, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அவளுக்கு என்ன பதில் சொன்னேன் என்றால், "ரெண்டும்தான்" என்று சிரித்தேன். கேமில் போனது என் வெர்ஷன். லீட் நான்தானே. அந்தக் காட்சியைச் சிலர் பாராட்டினார்கள், ஹெட்போனில் பாடகன் குரலே கேட்கவில்லை என்று சிலர் புகார் சொன்னார்கள். இதில் எதையும் நிரூபணம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. ஆடியோகிராம் (கேட்கும் திறன் சோதனை) எடுத்தால் பாதிக் குழப்பம் தீரும். இன்னும் அப்பாயின்ட்மென்ட் வாங்கவில்லை.

போன வாரம் அவள் ஒரு மழைக் காட்சி அனுப்பினாள். நான் எதுவும் சொல்வதற்கு முன்பே ட்ரெபிளை இறக்கியிருந்தாள். அவளுக்கே அது பிடித்துவிட்டதா, இல்லை என்னோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்று விட்டுவிட்டாளா என்று கேட்கவில்லை. எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அப்ரூவ் செய்துவிட்டேன்.