அட்டெண்டருக்கும் ஒரு ஓ.பி. சீட்டு

இதய நோயாளியை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்கிறவர்களுக்கு மனநல ஆலோசனை எதற்கு என்று என்னிடம் கேட்பவர்கள் இரண்டு வகை. "உனக்கென்ன பைத்தியமா, அங்கெல்லாம் ஏன் போறே?" என்று எல்லார் முன்னாலும் கேட்பவர்கள் ஒரு வகை. பக்கத்தில் யாரும் இல்லாத நேரம் பார்த்துப் போன் போட்டு, "அங்க போனா என்னதான் பண்ணுவாங்க?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்பவர்கள் இன்னொரு வகை. இந்தப் பதிவு அந்த இரண்டாவது வகைக்கு.

என் வீட்டுக்காரருக்கு மாரடைப்பு வந்து, ஆஞ்சியோ பார்த்து, அடைத்த ரத்தக்குழாயைத் திறந்து வைக்க ஸ்டென்ட் என்ற சின்னக் குழலை வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி போனது போனதுதான். எக்கோ ரிப்போர்ட்டில் இ.எஃப். 35 சதவீதம் என்று இருந்தது. இதயத்தின் இடது கீழறையில் நிரம்பும் ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எவ்வளவு வெளியே போகிறது என்பதுதான் அந்தக் கணக்கு. நல்ல இதயத்துக்கே 55, 60தான் வரும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். நூற்றுக்கு முப்பத்தைந்து என்று நினைத்து லிஃப்ட் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் இருந்தவரை என் கழுத்தில் அட்டெண்டர் பாஸ் என்று ஒரு அட்டை தொங்கியது. டிஸ்சார்ஜ் அன்று அதைத் திருப்பி வாங்கிக்கொண்டு, வேலையை மட்டும் என்னோடு வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வேலை என்றால் இதுதான். காலையில் அவர் பாத்ரூம் போய்விட்டு வந்ததும் எடை பார்த்து, தினசரி காலண்டர் தாளில் எழுத வேண்டும். மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறினால் அது சாப்பிட்டு வந்த எடை இல்லை, உடம்பில் தேங்கும் நீர், உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி, குழி அப்படியே நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்று எங்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள், அதில் காபி, மோர், ரசம் எல்லாம் அடக்கம். அதனால் காலையிலேயே பாட்டிலில் தண்ணீரை அளந்து வைத்துவிட்டு, அவர் ஒரு டம்ளர் காபி குடித்தால் பாட்டிலிலிருந்து ஒரு டம்ளரை எடுத்துக் கறிவேப்பிலைச் செடிக்கு ஊற்றுவேன். நீரை வெளியேற்றும் லேசிக்ஸ் மாத்திரை போட்டால் சிறுநீர் போய்க்கொண்டே இருக்கும், அந்த நேரத்தில் பஸ் பயணம் வைக்கக் கூடாது. ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளாமல் இருக்கக் கொடுக்கும் மாத்திரை ஒரு வேளைகூட விட்டுப்போகக் கூடாது. நெஞ்சுவலி வந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை சட்டைப் பையில் இருக்கிறதா என்று தடவிப் பார்க்காமல் சட்டையைத் துவைக்கப் போட முடியாது. இதெல்லாம் பகல் டியூட்டி.

ராத்திரி டியூட்டி, அவர் மூச்சைக் கேட்பது. மூச்சு கேட்டால் நிம்மதி, கேட்காவிட்டால் எழுந்து மூக்குக்குக் கீழே விரலை வைத்துப் பார்ப்பது. அவர் முழித்துக்கொண்டு "இன்னும் இருக்கேன், படு" என்பார். இது கேலியா வருத்தமா என்று இருட்டில் தெரியாது.

இதையெல்லாம் யாரிடம் சொல்வது? அக்கம்பக்கத்தில் சொன்னால் அரை நிமிடத்துக்குள் அவர்கள் மாமா மாரடைப்பில் போன கதை ஆரம்பித்துவிடும். இல்லையென்றால் மருதம்பட்டைக் கஷாயம். (டாக்டரைக் கேட்காமல் அதைக் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே பத்து மாத்திரை ஓடுகிற உடம்பு.) சொந்தக்காரர்களிடம் சொன்னால் "தைரியமா இரு, நீ உடைஞ்சா அவரை யார் பார்ப்பா?" என்பார்கள். நான் உடையாமல் இருக்க வேண்டிய காரணமும் அவர்தான் என்றால், எனக்கென்று ஒரு கணக்கே கிடையாதா என்று உள்ளே எரியும்.

அவருடைய ரிவ்யூவுக்குப் போன ஒரு நாள், நர்ஸ் சும்மா என் கையிலும் பி.பி. பட்டையைச் சுற்றிப் பார்த்தார். அவருடையதைவிட என்னுடையது அதிகம். டாக்டர்தான் ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் (பேச்சு சிகிச்சை தரும் உளவியலாளர்) பேரை எழுதிக் கொடுத்தார். உண்மையைச் சொன்னால், பி.பி. மாத்திரை எழுதிக் கொடுத்தால் போதும் என்றுதான் நினைத்தேன். அதையும் கொடுத்தார்.

1999இல் ஜாமா மருத்துவ இதழில் ஷுல்ஸ், பீச் என்ற இருவர் வெளியிட்ட அமெரிக்க ஆய்வு ஒன்று உண்டு. 66 முதல் 96 வயது வரை உள்ள கணவன் மனைவியரை நான்கு ஆண்டுகள் போல் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள். துணையைப் பராமரித்து, அதனால் மனதளவில் நொந்தும் போனவர்களின் இறப்பு அபாயம், அந்தப் பொறுப்பே இல்லாதவர்களைவிட 63 சதவீதம் அதிகமாக இருந்தது. பராமரித்தாலும் அப்படி நொந்துபோகாதவர்களிடம் அந்த ஏற்றம் தெரியவில்லை. அது இதய நோய்க்கு மட்டுமான ஆய்வு இல்லை, அவர்கள் வயது என் வயதும் இல்லை. ஆனாலும் எனக்கு அதில் ஒரு ஆறுதல் இருந்தது. வேலையை என்னால் குறைக்க முடியாது, வேலையோடு ஒட்டிக்கொண்டு வரும் இறுக்கத்தையாவது குறைக்க வழி இருக்கலாம் இல்லையா?

சரி, அங்கே என்ன பண்ணுவார்கள்?

முதல் நாள் 22 கேள்விகள் உள்ள ஒரு தாள் கொடுத்தார் மேடம். (என் தங்கையைவிடச் சின்னப் பெண், இருந்தாலும் மேடம்தான்.) ஸாரிட் என்ற அமெரிக்க உளவியலாளர் 1980இல் தொடங்கிவைத்த கேள்வித்தாளின் இன்றைய வடிவம் அது. ஒவ்வொரு கேள்விக்கும் 0 முதல் 4 வரை மார்க், மொத்தம் 88, எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு பாரம். 'அவர் பக்கத்தில் இருக்கும்போது உங்களுக்குக் கோபம் வருகிறதா?' என்று அதில் ஒன்று. என் அம்மாகூட என்னிடம் இதைக் கேட்டதில்லை. உயிருக்குப் போராடி வந்த மனுஷன் மேல் கோபம் என்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா? தாளில் டிக் அடிக்க முடிந்தது.

அப்புறம் அழுதேன். மேடம் அழவிட்டார். "தைரியமா இருங்க" என்ற வார்த்தை அந்த அறையில் ஒரு தடவைகூட வரவில்லை. ஆனால் அழுகையோடு முடிந்துவிடும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அடுத்த வாரமே வீட்டுப்பாடம் வந்துவிட்டது. இந்த முறைக்கு அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்று பெயர், சுருக்கமாக சி.பி.டி. ஆரோன் பெக் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1960களில் தொடங்கிவைத்தது. பெயர்தான் பயமுறுத்தும். கையில் இருப்பது நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும்தான்.

நோட்டில் கட்டம் போட வேண்டும். என்ன நடந்தது, அந்த நொடியில் மனசு என்ன சொன்னது, பயம் நூற்றுக்கு எவ்வளவு, மனசு சொன்னதற்கு என்ன ஆதாரம், அதற்கு எதிராக என்ன ஆதாரம், இப்போது பயம் எவ்வளவு. என் முதல் பக்கம் இது: ஆபீஸிலிருந்து போன் செய்தேன், அவர் எடுக்கவில்லை. மனசு சொன்னது, 'போய்ட்டார்'. பயம் 95. ஆதாரம் என்ற கட்டத்தில் எழுத எனக்கு ஒன்றும் இல்லை. எதிரான கட்டத்தில் நிறைய இருந்தது. குளிக்கும் நேரம், போன் வழக்கமாக டி.வி. மேல்தான் கிடக்கும், காலையில் எடை சரியாக இருந்தது, மாடிப்படி இறங்கி வந்து என்னை வழியனுப்பினார், வீட்டில் அத்தை இருக்கிறார். எழுதி முடித்தபோது பயம் 50. பூஜ்யம் ஆகவில்லை, ஆக வேண்டும் என்று மேடமும் சொல்லவில்லை. 50 இருந்தால் லெட்ஜரைப் பார்க்க முடிகிறது, 95 இருந்தால் ஆட்டோ பிடிக்கத்தான் முடியும்.

அதற்கு மேல் மேடம் ஒரு பரிசோதனை வைத்தார். காலை 11 மணிக்கு என் வீட்டுக்காரர் ஒரு குட்டி மெசேஜ் போட வேண்டும், அது வந்த பிறகு நான் சாயங்காலம் வரை போன் செய்யக் கூடாது. ஆரம்பத்தில் நரகமாக இருந்தது. பாத்ரூமுக்குள் போய் நின்றுகொண்டு போனை வெறித்துப் பார்த்திருக்கிறேன். ராத்திரி மூச்சுக் கணக்குக்கும் இதே வைத்தியம்தான். எழுந்து பார்ப்பது பத்து நிமிட நிம்மதி தருகிறது, அந்த நிம்மதியே மறுபடியும் பார்க்க வைக்கிறது, அதனால் பார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளிப்போடுங்கள் என்றார். ஆனால் முதலில் இதய டாக்டரிடம் போய், நிஜமாகவே பயப்பட வேண்டிய அறிகுறிகள் எவை என்று எழுதி வாங்கி வரச் சொன்னார். தட்டையாகப் படுத்தால் மூச்சு முட்டுவது, மூச்சு திணறி நடுராத்திரியில் எழுந்து உட்காருவது, எடை ஏறுவது, இதற்கெல்லாம் டாக்டருக்குப் போன். ஓய்வில் இருக்கும்போதும் மாத்திரை வைத்த பிறகும் விடாத நெஞ்சுவலி, மயக்கம், இதற்கு 108. அந்தத் தாள் ஃபிரிட்ஜ் மேல் ஒட்டியிருக்கிறது. அதில் இல்லாத பயம் நோட்டுக்கு, இருக்கிற பயம் டாக்டருக்கு. இந்தப் பிரிவினை எனக்கு எந்தத் தூக்க மாத்திரையையும்விட உதவியது.

உப்பு விஷயம் தனிக் கதை. எங்கள் வீட்டில் சண்டை எல்லாமே ஊறுகாய், அப்பளம், வத்தல் பற்றித்தான். அத்தையின் மாவடு ஜாடியிலிருந்து அவர் ஒன்றை எடுத்துத் தட்டுக்கு அடியில் ஒளித்து வைத்ததை நான் பார்த்துவிட்டேன். "சாகணும்னு முடிவு பண்ணிட்டீங்களா?" என்று கத்தினேன். "நான் வீட்டுக்கு வந்தேனா, ஜெயிலுக்கு வந்தேனா?" என்று அவர் தட்டைத் தள்ளிவிட்டார். மேடம் இதை நடித்துக் காட்டச் சொன்னார். அவர் என் வீட்டுக்காரராக உட்கார்ந்து மாவடு சாப்பிட்டார், நான் கத்தினேன், எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அந்தக் கத்தலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டார். பயம்தான் இருந்தது. அதை அப்படியே சொல்லிப் பழகச் சொன்னார். "எனக்குப் பயமா இருக்குங்க" என்ற வாக்கியத்தை இத்தனை வருட தாம்பத்தியத்தில் நான் அவரிடம் சொன்னதே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. வீட்டில் சொன்னபோது அவர் பதில் பேசவில்லை, ஆனால் மாவடுவைத் தண்ணீரில் ஊறவைத்துப் பாதி சாப்பிடலாமா என்று பேரம் பேசினார். டயட்டீஷியனைக் கேட்டோம், கூடாது என்றுதான் சொன்னார். பேரம் பேசுகிற அளவுக்கு வந்தோமே, அதுவே பெரிய விஷயம்.

தாம்பத்தியம் என்றதும் இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், யாரும் எழுத மாட்டேன் என்கிறார்கள். பக்கத்தில் படுக்கவே பயந்து நான் தரையில் பாய் போட்டுக்கொண்டேன். அவர் இதை வெறுப்பு என்று நினைத்திருக்கிறார். டாக்டரிடம் கேட்க எங்கள் இருவருக்கும் வாய் வரவில்லை. மேடம்தான் நேராகக் கேட்டு, டாக்டரிடம் எப்படிக் கேட்பது என்றும் சொல்லிக் கொடுத்தார். நெஞ்சுவலியோ மூச்சிரைப்போ இல்லாமல் இரண்டு மாடி ஏற முடிந்தால் பெரும்பாலும் பயமில்லை என்பதுதான் மருத்துவர்கள் வழக்கமாகச் சொல்லும் அளவு. உங்கள் ஆளுக்கு என்ன என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். பாயைச் சுருட்டி வைத்தாகிவிட்டது.

இன்னொரு வீட்டுப்பாடம் ஒரு பட்டியல். "ஏதாவது உதவி வேணும்னா சொல்லுங்க" என்று எல்லாரும்தான் சொல்கிறார்கள், நாமும் "பரவாயில்லைங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். அதற்குப் பதிலாக, கேட்கிறவர் கையில் கொடுக்க ஒரு வேலை தயாராக வைத்திருக்க வேண்டும். மாத்திரை வாங்கி வருவது நாத்தனார் வீட்டுக்காரர். இன்ஷூரன்ஸ் பேப்பர் எல்லாம் பெங்களூரில் இருக்கும் மகன். சாயங்காலம் ஒரு மணி நேரம் அத்தை பார்த்துக்கொள்ள, நான் நடக்கப் போக வேண்டும். இதற்குத்தான் அத்தை முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார். "நெஞ்சுவலிக்காரனை விட்டுட்டு ஊர் சுத்தறதுக்கு ஒரு டாக்டரா?" இப்போது அவரே, "அந்தப் பொண்ணுகிட்ட நானும் ஒருநாள் வரட்டுமா?" என்று கேட்கிறார். என்னைப் பற்றிப் புகார் சொல்லத்தான். போகட்டும், அவரும் மகனைப் பெற்றவர்தானே.

பேச்சு சிகிச்சையால் அவருடைய இ.எஃப். ஏறாது. கடன் அடையாது. பராமரிப்பவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளிலும், இறுக்கம் ஓரளவு குறைகிறது என்றுதான் வருகிறதே தவிர மாயமந்திரம் ஒன்றும் இல்லை. சிலருக்கு இது மட்டும் போதாது. நாள் முழுக்க எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமோ பசியோ இல்லாமல் வாரக்கணக்கில் போனால், செத்துவிடலாம் போல் தோன்றினால், மனநல மருத்துவரைப் பார்த்து மாத்திரையும் எடுக்க வேண்டியிருக்கும், அதைத் தள்ளிப்போடாதீர்கள். நோயாளிக்கும் இது பொருந்தும். மாரடைப்புக்குப் பிறகு கிட்டத்தட்ட ஐந்தில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. சுள்ளென்று விழும் கணவர் திமிர் பிடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை.

என் குறை ஒன்றுதான். ஒவ்வொரு ரிவ்யூவிலும் அவருக்கு ஈ.சி.ஜி., ரத்தம், எடை எல்லாம் பார்க்கிறார்கள். பக்கத்து நாற்காலியில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவரிடம் "நீங்க தூங்குறீங்களா?" என்று ஒரு கேள்வி கேட்க எத்தனை விநாடி ஆகும்? நர்ஸ் விளையாட்டாகப் பட்டை சுற்றியதால் எனக்கு வழி கிடைத்தது. எல்லாருக்கும் அந்த நர்ஸ் கிடைக்க மாட்டார்.

போக நினைப்பவர்களுக்கு: போர்டில் கவுன்சிலர் என்று யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. தனியாரில் செலவு ஊருக்கு ஊர் மாறும். முடியாதென்றால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் பார்க்கிறார்கள். எங்கள் மதுரைக்காரர்களுக்குப் பெரியாஸ்பத்திரி இருக்கிறது. வெளியே போகவே முடியாதவர்களுக்கு டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. 2022 அக்டோபரில் ஆரம்பித்தது, 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ராத்திரி மூச்சு எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் எடுப்பார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், "நோயாளி நான் இல்லைங்க, நோயாளியைப் பார்த்துக்கிறவ" என்று சொல்லுங்கள், மீதியை அவர்களே கேட்டுக்கொள்வார்கள்.