எங்கள் கொடிவழி, அவர் பெயரில்

நான் தொகுத்து இணையத்தில் போட்ட எங்கள் கொடிவழியில், அதாவது வம்சாவளியில், சின்னத் தாத்தா பிறந்த வருஷத்தை 1938 என்று தப்பாகப் போட்டிருந்தேன். பாஸ்போர்ட்டில் இருப்பது 1936. போன தை மாசம் சொந்தக்காரர் ஒருவர் வாட்ஸப் குழுவில் 40 பக்க பிடிஎஃப் அனுப்பினார். திறந்தால் அதிலும் 1938. அட்டையில் 'ஆய்வும் தொகுப்பும்' என்று அவர் பெயர். எனக்கு அண்ணன் முறை, சின்னத் தாத்தாவின் பேரன். தன் சொந்தத் தாத்தாவின் வயதையே என்னைப் பார்த்து எழுதியிருக்கிறார்!

மூன்று வருஷ வேலை அது. கோத்தகிரிப் பக்கம் டேன்டீ (அரசுத் தேயிலைக் கழகம்) தொழிலாளர் லயங்களில் வீடு வீடாகப் போய், இலங்கையில் கண்டியில் கொடுத்த பாஸ்போர்ட்டுகள், குடும்ப அட்டைகள், கப்பலேறிய தலைமன்னார் முத்திரை எல்லாம் படமெடுத்தேன். அப்பாயி (அப்பாவின் அம்மா) பக்கத்தில் உட்கார்ந்து எந்தத் தோட்டம், யார் கங்காணி என்று கேட்டு எழுதினேன். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்களில் பிறந்தவர்களுக்கு இது என்ன பாடு என்று சொல்ல வேண்டியதில்லை. எழுதியதை எல்லாரும் பார்க்கட்டும் என்று இணையத்தில் போட்டேன்.

அதை அண்ணன் தன் பெயரில் போட்டதைத் தடுக்கப் போய் நான் செய்த முதல் முட்டாள்தனம் பிரவுசிங் சென்டரில் நடந்தது. "காப்புரிமை பதிவு பண்ணாம ஒண்ணும் பண்ண முடியாதுக்கா" என்றான் அந்தத் தம்பி. காப்புரிமை என்றால் பேட்டன்ட், இது பதிப்புரிமை (காப்பிரைட்) என்பதுகூட அப்போது எனக்குத் தெரியாது. அரசுக் கட்டணம் 500, அவன் கூலி 300. பிறகு ஆட்சேபணைக்காக 30 நாள் காத்திரு என்று வந்தது. பதிப்புரிமைக்குப் பதிவு கட்டாயமே இல்லை. எழுதிய நிமிஷமே அது நம்முடையது. பதிவு ஒரு சாட்சி, அவ்வளவுதான். அந்த 800 ரூபாய்க்கு அப்பாயிக்கு ஸ்வெட்டர் வாங்கியிருக்கலாம்.

அடுத்து, அவர் பிடிஎஃப்பை ஏற்றியிருந்த தளத்துக்குப் புகார். 'முழு வம்சாவளியும் என்னுடையது' என்று கொதித்துப்போய் எழுதினேன். பெயர், தேதிப் பட்டியலுக்கு உரிமை கோர முடியாது என்று மூன்றே வரியில் பதில் வந்துவிட்டது.

மழையில் ஊட்டிக்கு பஸ் ஏறினேன். வக்கீல் வரவில்லை, ஒரு நாள் போச்சு. மறுவாரம் போனபோதுதான் ஆளைப் பிடித்தேன்.

"யாரு எப்பப் பொறந்தா, யாரைக் கட்டுனாங்கறது நடந்த விஷயம்மா. அதுக்கு யாரும் சொந்தக்காரர் இல்ல."

"மூணு வருஷம் அலைஞ்சிருக்கேன் சார்."

"அலைச்சலுக்கு உரிமை கிடையாது" என்றார். தீர்ப்புத் தொகுப்புகள் பற்றிய ஒரு வழக்கில் 2007-லேயே உச்ச நீதிமன்றம் இதைச் சொல்லிவிட்டதாம்: உழைப்பு மட்டும் போதாது, கொஞ்சமாவது சொந்தப் படைப்பு வேண்டும். அப்போ எது என்னுடையது? அப்பாயி சொன்னதை என் நடையில் எழுதிய 11 பக்கங்கள். அவர் கையில் பாஸ்போர்ட்டோடு நான் எடுத்த படம். இவ்வளவுதான். 1974-ல் கோத்தகிரி ஸ்டூடியோவில் எடுத்த குடும்பப் படத்தை ஸ்கேன் செய்தது நானாச்சே என்றேன். சிரித்தார். காசு கொடுத்து எடுக்கச் சொன்னவருக்குத்தான் முதல் உரிமையாம். அதாவது தாத்தாவுக்கு. அவருக்குப் பிறகு அப்பாயி, அப்பா, அத்தை என்று அவர் வாரிசுகளுக்கு. என் பெயரில் அதற்குப் புகார் எழுதவே முடியாது, அவர்கள் கையெழுத்து வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. 2013 பதிப்புரிமை விதிகளில் 75-ஆம் விதிப்படி புகார் கொடுத்தால், திருப்தியானால் 36 மணி நேரத்தில் தளத்துக்காரர் அதை முடக்க வேண்டும். கேட்க ஜோராக இருக்கிறது. ஆனால் அந்தப் புகாரிலேயே, வழக்குப் போட்டு 21 நாளில் கோர்ட் உத்தரவு கொண்டுவருவேன் என்று உறுதி எழுதித் தரவேண்டும். உத்தரவு வராவிட்டால் பிடிஎஃப் திரும்ப ஏறிவிடலாம். நெட்டில் கிடைத்த மாதிரிப் புகாரைப் படிக்காமல் கையெழுத்துப் போட இருந்தேன். ஒரே ஆறுதல், நாம் குடியிருக்கும் மாவட்டக் கோர்ட்டிலேயே வழக்குப் போடலாம். அண்ணன் இருக்கும் சென்னைக்கு நான் ஓட வேண்டாம், அவர்தான் மலையேறி ஊட்டிக்கு வரணும். அன்றைக்கு வரும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து அதையே நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

ஆனால் வழக்குக்குச் செலவு செய்ய யாரால் முடியும்? அத்தையிடம் சொன்னேன். அத்தை அண்ணனின் அம்மாவுக்குப் போன் போட்டார். ஒன்றரை மணி நேரப் பேச்சு. சட்டம் பத்தாவது நிமிஷத்தில் முடிந்து 1987 கல்யாணத்துச் சண்டையில் போய் நின்றது. ராத்திரி அண்ணனே கூப்பிட்டார்.

"நீ மட்டும் என்ன, இலங்கை அட்டன்ல இருந்து பெரியப்பா எழுதின லெட்டரெல்லாம் யாரைக் கேட்டுப் போட்ட?"

வாயடைத்துப் போனேன். கடிதத் தாள் தாத்தாவுக்கு வந்தது, எங்கள் டிரங்குப் பெட்டியில்தான் இருக்கிறது. ஆனால் அதிலுள்ள எழுத்து எழுதியவருடையது. பெரியப்பா இறந்தது 2004-ல். அவருக்குப் பிறகு அது அவர் வாரிசுகளுக்கு. அன்றிரவே ஏழு கடிதங்களையும் இறக்கினேன். அட்டனிலுள்ள அக்காவிடம் கேட்டபோது, ஒரு கடிதத்தில் இரண்டு வரி தவிர மற்றதைப் போட்டுக்கொள் என்றார். அதை வாய்ச்சொல்லாக விடாமல் மெசேஜாக வாங்கி வைத்திருக்கிறேன். உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதிகளையும் எடுத்துவிட்டேன். "பேங்க்ல அதைத்தானே கேக்குறான்" என்று அத்தை முன்பே சொன்னது, நான்தான் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உங்களுக்கு ஒன்று: முதல் நோட்டு, போனில் எடுத்த அசல் படம், குரல் பதிவு, எதையும் அழிக்காதீர்கள். அண்ணன் கடைசியில் இறங்கி வந்தது அத்தைக்காக மட்டுமில்லை. தேதியோடு என் பழைய நோட்டுப் பக்கங்களை அனுப்பியிருந்தேன்.

11 பக்கமும் அப்பாயி படமும் அவர் பிடிஎஃப்பிலிருந்து போய்விட்டன. ஸ்டூடியோ படம் 'அத்தை அனுமதியுடன்' என்று நிற்கிறது. கொடிவழி மட்டும் அப்படியே அவர் பெயரில் இருக்கிறது, அதில் நான் கேட்க ஒன்றுமில்லை. என் பக்கத்தில் 1936 என்று திருத்திவிட்டேன். அவருடையதில் சின்னத் தாத்தா இன்னும் 1938-லேயே பிறக்கிறார். நான் இதுவரை சொல்லவில்லை.